நிறுவையும் நெசவும்: காஞ்சித் தறி உணர்த்தும் உண்மை

தொழில்நுட்பம் என்றதும் கணினியும் கைப்பேசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. தறியை அவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் மிகச் சிலர். ஆயினும் கணினியின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் ஒரு கட்டத்தில் நெசவாளர் வீட்டு வாயிலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் அமைத்த தறிப்பொறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி நூல்களை உயர்த்தியது. அந்த அட்டைகளையே சார்லஸ் பாபேஜ் 1830களில் தம் கணிப்பொறித் திட்டத்திற்குக் கைக்கொண்டார். ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் முளைகள் பதித்த உருளையைச் சுழலவிட்டுத் தானே இசைக்கும் குழற்கருவியை வடித்ததையும் இங்கு நினைவுகூரலாம். கட்டளையைப் பொருளில் பதித்து வைக்கும் கலை மிகப் பழமையானது.

அந்த ஜக்கார்டுப் பெட்டி இன்று காஞ்சிபுரத்துக் குழித்தறிகளின் தலைமேல் அமர்ந்திருக்கிறது. அது வருமுன் ‘அடை’ என்னும் நூற்கட்டு முறையால் கரையிலும் முந்தானையிலும் உருக்களை எழுப்பினர். கட்டிய நூல்களை இழுத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. அந்தச் சுமையைப் பெட்டி குறைத்தது. ஆனால் காஞ்சிப் பட்டின் உயிரான ‘கோர்வை’ வேலையை அது செய்யவில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒன்று, இருபுறக் கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஊடை நூல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு நெசவாளரோடு ஓர் உதவியாளரும் தறியருகே அமர்வது மரபு. அவ்விடத்தில் சிறுவர்களை அமர்த்திய காலமும் ஒன்று இருந்தது. அவர்கள் பள்ளி சென்றதை நாம் வரவேற்கிறோம். அந்த இடத்தை நியாயமான கூலியால் நிரப்பாததையே குறை என்கிறோம்.

தறி வீட்டுக்குள் இருந்தாலும் நெசவு தெருவிலேயே தொடங்குகிறது. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் விடியற்காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, சீர்செய்து உலர்த்துவர். நேரான நீண்ட தெருவும் வாகனம் புகாத சில மணி நேரமும் இத்தொழிலுக்குரிய உட்கட்டமைப்பாகும். சாலை என்றால் போக்குவரத்து மட்டுமே என்று கருதும் நகரத் திட்டம், தான் அறியாமலேயே ஒரு தொழிற்கூடத்தை இடித்துவிடுகிறது.

காஞ்சி நெசவாளருக்குப் பட்டு நூலும் சரிகையும் எடை போட்டுத் தரப்படுகின்றன. நெய்த சேலையும் எடை போட்டே பெறப்படுகிறது. இவ்வழக்கத்தின் எதிரொலியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஷாம் நாட்டு நூலொன்றில் காண்கிறோம். அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளைத் தொகுத்த அஷ்ஷைஸரீ, நெசவாளர் நூலை எடை போட்டு வாங்கித் துணியை எடை போட்டே திருப்பித் தர வேண்டும் என விதிக்கிறார். ஐயம் எழாதிருக்கவே இந்த ஏற்பாடு. நிறுவை நெசவாளருக்கு எதிரான காவல் மட்டுமன்று. அவருடைய மானத்துக்கும் அதுவே காவல். அளவையில் குறைப்போரைக் கடிந்து அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே தொடங்குவதை வாசகர்கள் அறிவர்.

இன்று அந்த நிறுவை ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. நெசவாளரிடம் நூலுக்குக் கணக்குக் கேட்கும் சந்தை, வாங்குவோரிடம் தன் சரக்குக்குக் கணக்குச் சொல்வதில்லை. விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலை என்ற பெயரில் விற்கப்படுகிறது. வெள்ளி இழையில் பொன் முலாம் பூசிய சரிகையின் இடத்தில் போலிச் சரிகை மின்னுகிறது. இதைத் தடுக்கும் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. குறிப்பிட்ட துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. சில்க் மார்க் 2004இலும், கைத்தறி முத்திரை 2006இலும் வந்தன. காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆனால் முத்திரையைக் கேட்டு வாங்குவோர் இல்லையெனில் அது வெறும் சீட்டுத்தான். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகரைக் கண்டித்தார்கள். தானியம் நனைந்தது குற்றமன்று. நனைந்ததை மறைத்ததே குற்றம். விசைத்தறியும் அவ்வாறே. அதில் நெய்வது தவறன்று. அதைக் கைத்தறி என்பதே தவறு.

இதன் விலையை அடுத்த தலைமுறை செலுத்துகிறது. கைவினையை மனிதரிடம் ஊன்றிய பழக்கமாகக் கண்டார் இப்னு கல்தூன். பல காலம் ஓங்கிய நகரத்தில்தான் அது வேரூன்றும் என்றும், தேவை குன்றினால் தொழிலும் குன்றும் என்றும் தம் முகத்திமாவில் விளக்கினார். காஞ்சியை அடுத்த திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் 1990களின் பிற்பகுதி தொட்டுப் பெரும் ஆலைகள் எழுந்தன. மாதச் சம்பளம் நாடி நெசவாளர் பிள்ளைகள் அங்குச் செல்வதில் பிழையில்லை. ஆயினும் அங்கு 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆலையை மூடினால் வேறோர் ஆலை வரலாம். கோர்வை கற்ற கை ஒருமுறை மறந்துவிட்டால், அதை எந்த முதலீட்டாளரும் கொண்டுவந்து தர இயலாது.

ஆடவர்க்குப் பட்டாடை விலக்கப்பட்டிருப்பினும், நம் இல்லத்துத் திருமணங்களில் மணப்பெண்ணுக்குப் பட்டெடுப்பது வழக்கமாகவே உள்ளது. ஆகவே இது பிறர் விவகாரமன்று. கடைக்குச் செல்லும்போது சேலை எந்தத் தறியில் நெய்தது, சரிகை எத்தகையது என்று வினவுவோம். முத்திரையைப் பார்ப்போம். அசலுக்குரிய விலையைத் தயங்காது கொடுப்போம். தம் கையால் உழைத்து உண்ட தாவூத் நபி (அலை) அவர்களைப் போற்றும் சமுதாயம், கையுழைப்பின் பெயரால் நடக்கும் பொய்யைக் கண்டும் காணாதது போலிருத்தல் தகாது.