முப்பது கிலோ தசை, ஒரே ஓர் இதயம்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. உடம்பிலுள்ள எலும்புத் தசைகள் அத்தனையும் சேர்ந்து அதில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து 300 கிராம் எடையே உள்ள சிறுநீரகங்களும் கிட்டத்தட்ட அதே அளவு ரத்தத்தைப் பெறுகின்றன. தசையின் எடையோ 30 கிலோ. ஓய்வில் இருக்கும்போது தசையைப் போல அடக்கமான உறுப்பு வேறில்லை.

வேலை என்று வந்தால் அதன் பசி எவ்வளவு என்பதை 1985இல்தான் சரியாக அளந்தார்கள். கோபன்ஹேகனில் பெர் ஆண்டர்சன், பெங்க்ட் சால்ட்டின் இருவரும் செய்த சோதனை அது. ஆளை உட்காரவைத்து, ஒரே ஒரு காலை மட்டும் முழங்காலிலிருந்து உதைத்து நீட்டச் சொன்னார்கள். இதில் உழைப்பது தொடையின் முன்பக்கத் தசை மட்டுமே. இரண்டு மூன்று கிலோ இருக்கும். அந்தத் தசைக்குள் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ரத்தம் பாய்ந்தது. அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தது இதில் பாதிகூட இல்லை.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். முப்பது கிலோவும் அதே வேகத்தில் குடித்தால் 75 லிட்டர் வேண்டும். ஆரோக்கியமான ஓர் இளைஞரின் இதயம் முழுமூச்சாக அடித்தாலும் 20 முதல் 25 லிட்டர்தான் தரும். உலகத் தரத்து ஓட்டவீரர்களுக்கே 35, 40 லிட்டரைத் தாண்டாது. எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வாய்க்காலில் மட்டம் இறங்கி, மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாமல் போகும். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு மேட்டு வயல், மூளை. ஆகவே, தசைக்கு ரத்தம் எப்படிக் கிடைக்கிறது என்பதைவிட, கேட்டதெல்லாம் கிடைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது உடம்பு என்பதே எனக்குச் சுவாரசியமான கேள்வி.

முதலில், திறப்பது யார்? தசையேதான். மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. ஒரே ஒரு முறை சுருங்கினால் போதும், ஓரிரு நொடிகளில் அங்கே ரத்தவோட்டம் கூடிவிடும். தந்துகிகள் தேவைக்கேற்பத் திறந்து மூடுகின்றன என்று காட்டியதற்காக டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ 1920இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய பார்வையில் முக்கியமான கதவு தந்துகியில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் நுண்தமனியில் இருக்கிறது. அதன் சுவரில் வளையமாக ஓடும் மென்தசை சற்றே தளர்ந்தால் போதும். குழாயின் ஆரம் 19 சதவீதம் கூடினாலே பாயும் அளவு இரட்டிப்பாகும். ஆரமே இரட்டிப்பானால் பதினாறு மடங்கு.

தளர்த்துவது எது என்று கேட்டால் ஒரு பெரிய பட்டியல் வரும். உழைக்கும் தசையிலிருந்து கசியும் பொட்டாசியம், அடினோசின், ரத்தக்குழாயின் உள்சுவர் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு, இன்னும் சில. ஆக்சிஜனை இறக்கிவைத்த சிவப்பணுவும் ஏடிபி மூலக்கூறுகளை வெளியிட்டு, இங்கே தட்டுப்பாடு என்று தகவல் சொல்கிறது. ஆராய்ச்சியாளர்களைப் படாதபாடு படுத்துவது இந்தப் பட்டியல்தான். ஏதேனும் ஒன்றை மருந்து கொடுத்துத் தடுத்தால், மற்றவை அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடுகின்றன; ரத்தவோட்டம் பெரிதாகக் குறைவதில்லை.

இனி எதிர்த்தரப்பு. உடற்பயிற்சி தொடங்கியதும் பரிவு நரம்புகள் விழித்துக்கொண்டு, நார்-அட்ரினலினைச் சுரந்து உடம்பெங்கும் தமனிகளை இறுக்குகின்றன. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் வெகுவாகக் குறைகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலருக்கு வயிறு புரட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். உழைக்கும் தசைக்கும் அதே இறுக்கும் ஆணை போகிறது. ஆனால் அங்கே அது பாதிதான் எடுபடும். மேலே சொன்ன ரசாயனங்கள் நரம்பின் குரலை மழுங்கடிக்கின்றன. 1962இல் நாய்களிடம் இது முதலில் தெளிவாகப் பதிவானது.

பாதி எடுபடுவதே முழு உடம்பையும் காப்பாற்றுகிறது. கால்களால் கடுமையாக மிதித்துக்கொண்டிருப்பவரைக் கைகளாலும் வேலை செய்ய வைத்து, 1977இல் நீல்ஸ் செக்கரும் சகாக்களும் அளந்தார்கள். கைகள் சேர்ந்ததும் கால்களுக்கான ரத்தம் குறைந்தது. கால்களின் உழைப்பு குறையவில்லை, பங்குதான் குறைந்தது. ரத்த அழுத்தமா, தசையின் ஆசையா என்று வந்தால் நரம்பு மண்டலம் அழுத்தத்தின் பக்கமே நிற்கும்.

வெயில் காலத்தில் தோலும் வரிசைக்கு வந்துவிடுகிறது. வெப்பத்தை வெளியேற்ற அதற்கும் ரத்தம் தேவை. மே மாதப் பகலில் அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு எகிறுவது இதனால்தான்.

இந்த ஏற்பாடு தடுமாறும் நேரம், ஓட்டத்தின் உச்சம் அல்ல. ஓடி முடித்துச் சட்டென்று நின்ற மறுகணம். ஓடும்வரை கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தன. நின்றதும் அந்தப் பிழிதல் நின்றுபோகிறது. நுண்தமனிகளோ இன்னும் சில நிமிடம் திறந்தே கிடக்கும். ரத்தம் கால்களில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, தலை சுற்றும். மாரத்தான் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சரிகிறவர்களில் பெரும்பாலோருக்கு நேர்வது இதுதான். அவர்களை நாற்காலி போட்டு உட்காரவைக்காமல், படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடிக்கிறார்கள் மருத்துவக் குழுவினர்.