கழற்றி எறியக் கூடாத வால்வு

“நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழற்றிப் போட்டுட்டா இன்ஜின் கூலா ஓடும்.” நம் ஒர்க்‌ஷாப்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் யோசனை இது. கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பல கார்களில் இதைச் செய்தால் இன்ஜினின் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும்.

தெர்மோஸ்டாட் உள்ளங்கையில் அடங்கும் சிறு வால்வு. அதன் நடுவில் ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் செம்புத்தூள் கலந்த மெழுகு. மெழுகுக்குள் ரப்பர் உறை, உறைக்குள் ஓர் எஃகு ஊசி. கூலண்ட் சூடானதும் மெழுகு உருகிப் பருத்து, ரப்பரை நெருக்கி ஊசியை வெளியே தள்ளப் பார்க்கும். ஊசியின் நுனியோ சட்டத்தில் முட்டி நிற்கிறது. வேறு வழியின்றிக் குப்பியே கீழிறங்குகிறது; அதோடு சேர்ந்த தட்டும் இறங்கி வழி திறக்கிறது. ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தட்டைத் திரும்ப மூடும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த அமைப்புதான் பெரும்பாலான கார்களில் இன்றும் வேலை செய்கிறது.

வால்வின் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருப்பார்கள். அந்த டிகிரி செல்சியஸில் அது திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். அதுவரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கத்தான் இந்த ஏற்பாடு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெயில் சேரும் நீரும் வெளியேறாது. தேய்மானம் ஏறும், மைலேஜ் இறங்கும்.

பல தெர்மோஸ்டாட்களில் கீழேயும் ஒரு தட்டு உண்டு. மேல் தட்டு ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது, கீழ்த்தட்டு பைபாஸை அடைக்கும். வால்வைக் கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் இன்ஜினுக்கே திரும்பிவிடும். வெயிலில், டிராபிக்கில், ஏசி ஓடும்போது சூட்டு முள் எகிறுவது இதனால்தான்.

வால்வு கெட்டதா என்று அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் தட்டு மெல்ல நகர வேண்டும். கொதி வந்தும் அசையாவிட்டால் போயே போயிற்று. பச்சைத் தண்ணீரிலேயே திறந்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. மாற்றிய பின் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும், இல்லையேல் அழுத்தத்தில் பீறிடும் நீராவி முகத்தை வேகவைத்துவிடும். வடித்த கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

கசிவுக்கு முதல் காரணம் அவசரம். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் புதியது சமமாக உட்காராது. அலுமினிய முகத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறலே ஒழுகும் வழியாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கியிருக்க வேண்டும். காற்று போகும் சிறு துளையோ ஆடும் ஊசியோ இருந்தால், பெரும்பாலும் அது மேலே வரவேண்டும். போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி கோணிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடியானால் விரிசலே விடும். சீலண்டை அப்புவது தீர்வல்ல. பிதுங்கி உள்ளே விழும் துண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

ஹோஸையும் பாருங்கள். அது மாட்டும் குழாய் முனையில் புடைத்த விளிம்பு ஒன்று இருக்கும். கிளாம்ப் அதைத் தாண்டி உட்கார வேண்டும். போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். அதன் உப்பு உள்ளே பொருக்குப் பொருக்காகப் படியும். காருக்குச் சொன்ன கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் சரி.

மெதுவாக நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ரிசர்வாயரில் அளவு சற்று இறங்கியிருக்கலாம். காற்று இருந்த இடத்தைக் கூலண்ட் பிடித்திருக்கும். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் காய்ந்த வெள்ளை, பச்சைத் தடங்களைத் தேடுங்கள். வெளியே எதுவும் தென்படாவிட்டால் டேஷ்போர்டுக்கு அடியில் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால், ஒழுகுவது ஹீட்டர் கோர்.