கத்தியா, கொக்கியா? ஒரு டைனோசர் நகத்தின் கதை

‘ஜுராசிக் பார்க்’ படத்தின் தொடக்கத்தில் டாக்டர் கிராண்ட் ஒரு சின்னப் பையனிடம் வளைந்த நகம் ஒன்றைக் காட்டுவார். ராப்டர் இதை வைத்து வயிற்றை எப்படிக் கிழிக்கும் என்று நடித்தும் காட்டுவார். பையன் மிரண்டு போவான். படம் வந்தது 1993-ல். இன்றைக்கு அதே மாதிரி நகங்கள் ரெசினில் செய்து ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் நமக்கும் அதே எண்ணம்தான் வரும்: இது ஒரு அரிவாள்.

ஆனா உண்மையிலேயே இது வெட்டுமா? சிலர் செய்து பார்த்தே விட்டார்கள்.

முதலில் ரெப்ளிகா எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். அசல் ஃபாசிலின் மேல் சிலிகான் ரப்பர் ஊற்றி மோல்டு எடுப்பார்கள். அந்த மோல்டில் ரெசின் ஊற்றி, இறுகியதும் வெளியே எடுத்து, பெயின்ட் அடிப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் ஃபாசிலில் இருக்கும் சின்னக் கீறல்கூட ரெப்ளிகாவில் விழும். ஆனா அப்படி காப்பி ஆவது நகத்தின் உள்ளே இருந்த எலும்பு மட்டும்தான். உயிரோடு இருந்தபோது அதன் மேல் கெரட்டின் உறை ஒன்று இருந்தது. நம்ம விரல் நகம், மாட்டுக் கொம்பின் உறை எல்லாம் அதே பொருள்தான். அது பெரும்பாலும் மட்கிப் போய்விடும், கல்லாக மாறுவது அபூர்வம். அதனால் உண்மையான நகம் நம்ம கையில் இருப்பதைவிட நீளமாகவும் கூராகவும் இருந்திருக்கும்.

இந்த அரிவாள் நகத்தைப் பிரபலமாக்கிய விலங்கு டைனோனிகஸ். பெயருக்கே ‘பயங்கர நகம்’ என்றுதான் அர்த்தம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1964-ல் ஜான் ஆஸ்ட்ரம் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். 1969-ல் ஆஸ்ட்ரம் பெயர் வைத்தார். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, நீளம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதன் காலில் இரண்டாவது விரலில் மட்டும் மற்றதைவிடப் பெரிய, வளைந்த நகம். நடக்கும்போது தேய்ந்துவிடாமல் அந்த விரலைத் தூக்கியே வைத்திருக்கும். இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது என்றால் அது ஆயுதமாகத்தான் இருக்கும், உதைத்து வயிற்றைக் கிழிக்கும் என்பது அன்றைய விளக்கம். படத்துக்குப் போனதும் இதுதான். படத்தில் வரும் பெயர் என்னவோ வெலோசிராப்டர். ஆனா மங்கோலியாவில் கிடைத்த நிஜ வெலோசிராப்டர் வான்கோழி சைஸ்தான். அதன் அரிவாள் நகம் சுமார் 6.5 செ.மீ.

2005-ல் பிபிசி ஆவணப்படம் ஒன்றுக்காக ஃபில் மேனிங் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஹைட்ராலிக்கில் இயங்கும் ஒரு ராப்டர் காலைச் செய்தார்கள். அலுமினிய உள்பகுதி, மேலே கார்பன் ஃபைபரும் கெவ்லரும் சேர்ந்த உறை என்று நகத்தைச் செய்து, செத்த பன்றியின் மேலும் முதலையின் மேலும் உதைக்க விட்டார்கள். வயிறு கிழியவே இல்லை. 3 முதல் 4 செ.மீ. ஆழத்துக்கு ஓட்டை விழுந்தது, அவ்வளவுதான். நகத்தை இழுக்கும்போது தோலும் சதையும் அதன் அடியில் சுருண்டு குவிந்து, மேற்கொண்டு நகரவிடாமல் தடுத்தன.

காரணம் நகத்தின் குறுக்குவெட்டில் இருக்கிறது. கத்தி வெட்டுவது வளைவினால் இல்லை, விளிம்பினால். விளிம்பு மெல்லியதாக இருந்தால்தான் கொடுக்கிற விசை சின்னப் பரப்பில் குவியும், ஸ்ட்ரெஸ் கூடும், தோல் அறுபடும். இந்த நகத்தின் உள்வளைவு உருண்டையானது. முனை மட்டும்தான் கூர். அதனால் உள்ளே இறங்கும், பிடித்துக்கொள்ளும், அறுக்காது. அதாவது இது ஒரு கொக்கி.

2011-ல் டென்வர் ஃபவுலரும் குழுவினரும் இன்றைய பருந்து, கழுகுகளின் கால்களோடு ஒப்பிட்டு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ராப்டர் தன்னைவிடச் சின்ன இரையின் மேல் ஏறி நின்று, நகத்தைக் கொக்கியாக மாட்டி, உடல் எடையால் அமுக்கி வைத்துக்கொண்டு தின்றிருக்கலாம். மங்கோலியாவில் 1971-ல் கிடைத்த புகழ்பெற்ற ஃபாசிலும் யோசிக்க வைக்கிறது. அதில் ஒரு வெலோசிராப்டரும் ஒரு புரோட்டோசெராடாப்ஸும் சண்டை போட்ட நிலையிலேயே புதைந்திருக்கின்றன. அரிவாள் நகம் இருப்பது எதிராளியின் கழுத்துப் பக்கம். குத்துவதற்கு ஏற்ற இடம்.

மேனிங் குழு அதோடு விடவில்லை. 2009-ல் வெலோசிராப்டர் நகத்தை எக்ஸ்ரே ஸ்கேன் செய்து, நம்ம சிலபஸில் வரும் ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ் செய்தார்கள். கெரட்டின் ஃபாசிலில் இல்லையே, மெட்டீரியல் பிராப்பர்ட்டிக்கு என்ன செய்வது? இன்றைய ஆந்தை ஒன்றின் நகத்தில் அளந்து எடுத்துக்கொண்டார்கள். ஏறும்போது வரும் எடையையும் இந்த நகம் தாங்கும் என்று முடிவு வந்தது.

நகத்தைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இன்னும் இரண்டு உதாரணம். 1983-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், களிமண் வெட்டும் குழி ஒன்றில் வில்லியம் வாக்கர் என்பவருக்கு வளைவோடு அளந்தால் சுமார் 31 செ.மீ. வரும் நகம் கிடைத்தது. அந்த விலங்குக்கு பேரியோனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுப் பகுதியில் கிடைத்ததில் மீன் செதிலும் இருந்தது! இன்னொன்று, அரை மீட்டருக்கு மேல் நீளமான நகங்கள் கொண்ட தெரிசினோசாரஸ். ரெப்ளிகாக்களிலேயே பார்க்க மிரட்டலானது இதுதான். ஆனா அது இலை தழை தின்ற பிராணி.

அதனால் அடுத்த முறை ஒரு ரெப்ளிகா கையில் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்கள். பக்கவாட்டில் பள்ளமான கோடு இருக்கிறதா? அடிப்பக்கம் தசைநாண் ஒட்டும் மேடு இருக்கிறதா? அந்த மேடு மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே இழுவிசைக்கு அவ்வளவு டார்க் அதிகம். நகத்தின் பிடி எவ்வளவு என்று அது சொல்லும். கடைசியாக, உள்வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே பிளேடு மாதிரி விளிம்பு இருந்தால், செய்தவர் ஃபாசிலைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்திருக்கிறார்.