போடிமெட்டுப் பனியும் தோட்ட ஜீப்பும்

டிசம்பர் பிறந்துவிட்டால் போடிநாயக்கனூரைக் கடந்து மேலே ஏறும் கார்கள் பெருகிவிடும். மூணாறு பக்கத்தில் செண்டுவாரையிலும் லட்சுமி எஸ்டேட்டிலும் புல்வெளி வெளுத்துவிட்டது, பாதரசம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது என்று செய்தி வந்தால் போதும், வார இறுதியில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கூடவே, உறைபனியில் வண்டி ஓட்டுவது எப்படி என்ற அறிவுரைகளும் சுற்றத் தொடங்கும். டயருக்குச் சங்கிலி கட்டுவது, டிக்கியில் மணல் மூட்டை வைப்பது எல்லாம் மணாலிக்கும் கனடாவுக்கும் சரி. போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு பக்கம் ஏறும், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலைக்கு அவை உதவா. புல்லில் உறைவதும் நமக்குப் பனிதான், சாலையை மூடுவதும் பனிதான். ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். ஸ்டியரிங் பிடிப்பவர் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு.

உறைபனி விழ வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது. அப்படிப்பட்ட இரவில் தரையின் சூடு தடையின்றி மேலே போய்விடுவதால் புல் நுனியில் ஈரம் உறைகிறது. பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தார்ச்சாலை அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. வெயில் படாத வளைவிலோ ஊற்று கசியும் சிறு பாலத்திலோ விடியற்காலையில் கவனம் வேண்டும், அவ்வளவே. மூடுபனி இதற்கு நேர் எதிர். போடிமெட்டில் நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் சரிவில் வந்து உட்கார்ந்துகொண்ட மேகம். தென்மேற்குப் பருவத்தில் இடுக்கிப் பக்கமிருந்து முகடு தாண்டி வழிகிறது. வடகிழக்குப் பருவத்தில் போடிப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுகிறது. ஆக, ஆண்டில் பல மாதம் இந்தச் சாலை நனைந்தே கிடக்கிறது.

நனைந்த சாலையில் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஏதோ தெரிந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் கழிந்துவிடும். அதன் பிறகு காய்ந்த சமதளத்தில் 9 மீட்டரில் நிற்கிற வண்டி, ஈரமான இறக்கத்தில் நிற்க ஏறத்தாழ 18 மீட்டர் எடுக்கும். மொத்தம் 29 மீட்டர். அடர்ந்த மூடுபனியில் கண்ணுக்குத் தெரிவதோ 20 மீட்டர். அதாவது, எதிரில் நிற்கும் லாரியைப் பார்த்த நொடியிலேயே மோதல் முடிவாகிவிட்டது. அதே இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் வந்தால் 10 மீட்டர் சொச்சத்தில் வண்டி நின்றுவிடும். எந்தக் கருவியும் இந்தக் கணக்கை மாற்றாது. பிரைட் லைட் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில்தான் போக வேண்டும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுகிற வழக்கம் இன்னும் மோசம். வண்டி திரும்பப் போகிறதா நிற்கப் போகிறதா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை டயரும் பிரேக்கும். டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டால் குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒன்று தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மி.மீ. டயர் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால், அந்த டயரோடு காரைச் சாலையில் ஓட்டச் சட்டமே இடம் தராது. பிரேக் ஆயில் இன்னும் முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் கட்டும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை அமுங்கும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறும் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வண்டியின் பாரத்தை எஞ்சினே தாங்கட்டும் என்பதற்காக. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர் அந்தத் துணையையும் இழந்துவிடுகிறார்.

சுற்றுலாக் காரில் வருகிறவர் இதையெல்லாம் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம். செய்ய முடியாதவர்கள் அதே சாலையில் தினமும் போகிறார்கள். போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியுமுன்பே தூக்குவாளியோடு கிளம்பி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறும் பெண்கள் அவர்கள். பின்னால் எதிரெதிர் பலகை இருக்கை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, மேலே படுதா. மலையடிவாரத்து முந்தலிலிருந்து மெட்டு வரை உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அளவுக்கு மேல் பத்துப் பேர் ஏறினால் கூடுதல் பாரம் 500 கிலோ. அந்தப் பாரம் மட்டும் மாலையில் கீழே இறங்கும்போது உண்டாக்கும் வெப்பம் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் தாங்காத மிச்சம் முழுவதும் பிரேக்கில்தான் இறங்கும். அதோடு மழை, மூடுபனி, மொட்டை டயர், வேலை நேரத்துக்குள் சேர வேண்டிய அவசரம். காய் எடுப்புக் காலமும் மழை மாதங்களோடு சேர்ந்தே வருகிறது. உறைபனி அழகை எழுதுகிற நாம் இவர்கள் பயணத்தை எழுதாமல் விடுவது சரியில்லை.

கண்ணைக் கட்டிவிட்டாலும் ஜீப் ஓட்டுநர்கள் இந்த வளைவுகளில் ஓட்டிவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. வளைவு தெரியும், உண்மை. வளைவுக்குப் பின்னால் இன்று காலை விழுந்த பாறையும் பழுதாகி நிற்கும் லாரியும் எந்த அனுபவத்துக்கும் தெரியாது. அனுபவம் விதிக்கு மாற்றாகாது: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். மாண்ட்ரியல் தமிழர்களும் மாற்றித்தான் ஆக வேண்டும். இருபது வருடம் பனியில் ஓட்டியவன் என்று சொன்னால் அங்கே விலக்கு கிடையாது. மெட்டுக்கு மேலே மூணாறு வரை சாலை அகலமாகிவிட்டதே என்றால், அகலம் கூடினால் வேகமும் கூடும், பார்வைத் தூரம் கூடாது. ஜீப்பைக் கெடுபிடி செய்தால் கூலி போய்விடும் என்பது மட்டும் நியாயமான கவலை. கூடுதல் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்ற சட்டப் பிரிவால் அது தீராது; தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் வரை ஆள் ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள். நடைக்கு இவ்வளவு என்று தோட்டக்காரர்கள் கொடுத்தால் இன்னொரு ஜீப் ஓடும், யாருடைய கூலியும் போகாது.

விடியுமுன் முந்தல் அடிவாரத்தில் ஒவ்வொரு ஜீப்பையும் ஐந்து நிமிடம் நிறுத்தி, டயர், பிரேக், ஆள் கணக்கு மூன்றையும் அதிகாரிகள் பார்க்க வேண்டும். உறைபனி பார்க்கப் போகும் கார்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் இறங்கும்போது எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், மலைச்சாலை விதியே அதுதான். வேலைக்குப் போகிறவர்கள் அதில் இருக்கலாம்.