இரும்புக்கும் இரும்புக்கும் இடையே

மோட்டார் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் விடுதி நண்பர்கள் இயந்திரத்தின் ஆற்றலையும் ஓட்டத்தின் வேகத்தையும் பற்றித்தான் வாதிடுவார்கள். இயந்திரத்தைச் சுமக்கும் அடிச்சட்டத்துக்கும் நாம் ஏறி அமரும் கூட்டுக்கும் இடையே கிடக்கும் சில ரப்பர்த் திண்டுகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. பட்டறைக்காரர்கள் அவற்றை ‘பாடி புஷ்’ என்பார்கள். தேய்ந்துபோன அத்திண்டுகளை மாற்றுவது எப்படி, மாற்றுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். சென்ற கோடை விடுமுறையில், புனேயில் நண்பர் ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமான ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ காரில் இவ்வேலையை உடனிருந்து செய்தேன். அந்த அனுபவமே இதற்கு அடிப்படை.

எல்லாக் கார்களிலும் இத்திண்டுகள் இருக்குமா என்று கேட்கலாம். இரா. அம்பாசிடரிலும் பழைய பியட்டிலும் கூடும் சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஜீப்பிலும் ஹெரால்டிலும் அப்படியன்று. சட்டம் வேறு, கூடு வேறு. ஹெரால்டு அவ்வாறு அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கூடுகள் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையை, 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. ஒரே இடத்தில் முழுக் கூட்டையும் செய்விக்க வழியில்லாதபோது, தனித்தனிப் பகுதிகளைப் பல இடங்களில் செய்வித்து, தனிச் சட்டத்தின் மேல் திருகாணிகளால் பூட்டுவதே வழியாயிற்று. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வகுத்தார். 1959-ல் அங்கே ‘டிரயம்ப் ஹெரால்டு’ என்று வெளிவந்த வண்டி, 1961 முதல் நம் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் உருவாயிற்று. ஆகவே வடக்கே எங்கேனும் ஒரு ஹெரால்டைக் கண்டால், அதை நம் ஊர்க்காரர் என்று தாராளமாகக் கைகுலுக்கலாம்!

ரப்பர் செய்யும் வேலை

இந்தத் திண்டுகள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, அதிர்ச்சியைத் தடுப்பது. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்புகளாக, வினாடிக்கு 100 முறை சட்டத்தை உலுக்குகிறது. அந்த உலுக்கல் கூட்டுக்குள் ஏறாமல் ரப்பர் தடுக்கிறது. இரண்டாவது, விட்டுக்கொடுப்பது. மேடுபள்ளத்தில் சட்டம் சிறிது முறுக்கிக்கொள்ளும்போது, அந்த முறுக்கைக் கூட்டின் தகட்டுக்கு அப்படியே கடத்தாமல் தானே ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது, உயரத்தைக் காப்பது. கூட்டின் ஒவ்வொரு மூலையும் எந்த மட்டத்தில் நிற்க வேண்டுமோ அந்த மட்டத்தில் அதை நிறுத்துகிறது. மத்தளத்துக்கு இருபுறமும் அடி என்பார்கள். இத்திண்டின் பிழைப்பும் அதுதான்.

ரப்பரைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பாராத உண்மை ஒன்று உண்டு. ரப்பர் பஞ்சைப் போல் அமுங்குவதில்லை, பிதுங்குகிறது. அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. பத்து மில்லிமீட்டர் கனமுள்ள திண்டை எட்டாக நெருக்கினால், அதன் பரப்பு நான்கில் ஒரு பங்கு கூடியாக வேண்டும். பக்கவாட்டில் பிதுங்க இடம் இருக்கும்வரைதான் அது ரப்பர். இடமின்றி இறுக்கிவிட்டால் அது கிட்டத்தட்டக் கல்.

ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றன. சொட்டும் எண்ணெய் அதை ஊதச் செய்து கூழாக்குகிறது. ஓயாத பாரத்தினால் அது நிலையாகவே தட்டையாகி, பாரத்தை எடுத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. இறுகிய ரப்பர் அதிர்ச்சியைக் கடத்துகிறது. தட்டையான ரப்பர் உயரத்தை இழக்கிறது.

நோயை அறிதல்

ஹெரால்டின் முன்மூடி, சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முழுமையாக முன்பக்கம் சாய்வது. அதன் கீல் சட்டத்தில் இருக்கிறது. கதவின் கீலோ கூட்டில் இருக்கிறது. ஆகவே கூடு தாழ்ந்தால், முன்மூடியின் பின் விளிம்பும் கதவின் முன் விளிம்பும் ஒரே கோட்டில் நில்லாமல் விலகிப்போகும். கூட்டின் முற்பகுதியும் பிற்பகுதியும் தனித்தனியே செய்து பூட்டப்பட்டவை. முற்பகுதியில் கதவின் கீல். பிற்பகுதியில் அதன் பூட்டுவாய். ஒன்று தாழ்ந்து மற்றது தாழாவிட்டால் கதவு சரியாக மூடாது.

ஆனால் கதவு மூடாத குற்றத்தையெல்லாம் திண்டின் தலையில் சுமத்திவிடக் கூடாது. கதவைத் திறந்து, அதன் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் குற்றவாளி கீலின் ஆணி. ஆட்டமில்லாவிட்டால்தான் வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும்.

நண்பரின் காரில் ஆட்டமில்லை. அடியில் பார்த்தோம். பின்புறத் திண்டு ஒன்றின் மேல் பழைய டயர்த் துண்டுகளை யாரோ அடுக்கிவைத்திருந்தார்கள். கதவை மூடச் செய்வதற்கு அது எளிய வழிதான். ஆனால் கூடு ஏன் தாழ்ந்தது என்ற கேள்விக்கு அது விடையன்று.

விடை திண்டுக்குக் கீழே கிடைத்தது. சட்டத்திலிருந்து இருபுறமும் கைகளைப் போல இரும்புத் தாங்கிகள் நீளுகின்றன. திண்டுகள் அவற்றின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. மழைக்காலச் சேறு அந்தக் கைகளில் தேங்கி உள்ளிருந்தே அரித்துவிட்டது. மேலே கறுப்பு வர்ணம் பளபளத்தது. திருப்புளியால் குத்தினோம், முனை உள்ளே இறங்கிற்று. புதிய திண்டுகள் வாங்கி வைத்திருந்தும் வேலையை அங்கேயே நிறுத்தினோம். அந்தக் காரில் சென்னைக்குப் போகலாம் என்று குடும்பத்தார் நாள் குறித்திருந்தார்கள். மனவருத்தத்தோடு அதைத் தள்ளிப்போட்டார்கள். அரித்த பகுதியை வெட்டி, புதிய இரும்பைப் பற்றவைத்த பின்னரே திண்டின் பக்கம் திரும்பினோம். கூட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் இடம் இற்றுக் கிடக்கும்போது, புது ரப்பர் அதற்குப் போர்த்திய பட்டாடைதான். விபத்து நேர்ந்தால் பட்டாடை காப்பாற்றாது.

வேலை முறை

முதலில் அளவு. கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளை, இருபுறமும் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருகாணியின் கீழும் எத்தனை வாஷர், எத்தனை இடைத் தகடு இருந்தன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அவை வீணாக வைத்தவை அல்ல. கதவின் இடைவெளியைச் சரிசெய்யத் தொழிற்சாலையிலோ பட்டறையிலோ கணக்கிட்டு வைத்தவை.

அடுத்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பிரேக்கின் தலைமைச் சிலிண்டர் கூட்டில் இருக்கிறது. அதிலிருந்து குழாய்கள் சட்டத்துக்கு இறங்குகின்றன. ஸ்டீரிங் தண்டும் கூட்டிலிருந்து சட்டத்துக்குச் செல்கிறது. கூட்டைத் தூக்கும்போது இவை இழுபடும். ஆதலால் தண்டின் இணைப்பைத் தளர்த்தி, குழாய்களை ஒருவர் கண்காணிக்க வேண்டும்.

துருப்பிடித்த திருகாணிகளுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. முரட்டுத்தனமாகத் திருகினால் ஆணி முறியும், அல்லது கூட்டில் பற்றவைத்த நட்டு பிய்ந்துகொண்டு சுழலும். ஒரு பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றும்போது, மறுபக்கத்தவற்றைத் தளர்த்த மட்டும் வேண்டும்; எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் கூடு நகர்ந்து துளைகள் பொருந்தா. கதவுகள் மூடியே இருக்கட்டும். ஜாக்கியின் தலையில் அகலமான பலகை வைத்து, தரையின் உறுதியான பாகத்தில் கொடுத்து, திண்டு வெளிவரும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் பக்கத் தகடு ஹெரால்டில் பாரம் தாங்காது. அங்கே ஜாக்கியை வைக்கலாகாது. வண்டி ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும்போது எவரும் அடியில் நுழையக் கூடாது. உறுதியான முட்டுகள் கட்டாயம் வேண்டும்.

புதுத் திண்டு ரப்பரா, பாலியூரித்தேனா என்ற வினாவும் எழும். பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ரப்பரைவிடக் கடினமானவை. அதிர்ச்சியை அதிகமாகக் கடத்தும். நிதானமாக ஓடும் குடும்பக் காருக்கு நான் ரப்பரையே சொல்வேன். டயர்த் துண்டு மட்டும் வேண்டாம். அதற்குள் நூலும் கம்பியும் உண்டு. பிதுங்க வேண்டிய விதத்தில் அது பிதுங்காது.

எல்லாத் திண்டுகளையும் வைத்த பிறகு, திருகாணிகளைக் கையால் பூட்டி, கதவின் இடைவெளிகளை முன்பு குறித்த அளவோடு ஒப்பிட்டு, தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே சிறிது சிறிதாக, இருபுறமும் மாறி மாறி இறுக்க வேண்டும். பலம் இருக்கிறதென்று முழு மூச்சாக இறுக்கினால், ரப்பரைக் கல்லாக்கிவிடுவோம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திண்டுகள் சற்றே படியும். அப்போது ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும்.

நம்மில் சிலருடைய வீடுகளில் இத்தகைய பழைய கார் ஒன்று கூரையின் கீழ் உறங்கிக்கொண்டிருக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதன் அடியில் ஒருமுறை பார்த்து வாருங்கள். ரப்பர் வாங்கக் கடைக்குப் போகுமுன் கையில் எடுக்க வேண்டியவை மூன்று: ஓர் அளவுகோல், ஒரு கைவிளக்கு, ஒரு திருப்புளி.