தொட்டியின் அடித்துளையைக் கவனியுங்கள்

திண்ணையிலும் கூடத்திலும் செடி வளர்க்க இன்று மண், சிமெண்ட், பிளாஸ்டிக், பீங்கான் எனப் பலவகைத் தொட்டிகள் கிடைக்கின்றன. பல வீடுகளில் தொட்டிச் செடி மடிவது நீர் போதாமையால் அல்ல. நீர் தேங்கி, காற்றின்றி வேர் அழுகுவதால்தான். ஆகவே அடியில் துளையுள்ள தொட்டியையே நடவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதுமானது. அடியில் சரளைக்கல் பரப்புவதால் வடிகால் மேம்படாது. ஈரம் தேங்கும் மண் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும்.

முற்றத்திற்கு மண்தொட்டி ஏற்றது. தட்டினால் கணீரென ஒலிப்பதே நன்கு வெந்த தொட்டி. அதன் சுவர் வழியே நீர் ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். கோடையில் தினம் இருவேளை நீர் தேவைப்படலாம்.

கூடத்தில் அழகிற்காகத் துளையற்ற பீங்கான் தொட்டியை வைக்க விரும்புவோர், துளையுள்ள சிறு தொட்டியில் மணி பிளாண்ட் போன்ற நிழல் தாங்கும் செடியை நட்டு அதனுள் இறக்கி வைக்கலாம். வெளித்தொட்டியில் வடியும் நீரை உடனுக்குடன் கொட்டிவிட வேண்டும்.

30 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள தொட்டி நனைந்தபின் 20 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். எனவே மாடியில் தொட்டிகளைச் சுவரையொட்டி வைத்தல் நன்று. உயரமான செடியைப் பின்னும் குட்டையானதை முன்னும் அடுக்கினால் அழகு கூடும். எல்லாச் செடிக்கும் வெளிச்சமும் கிடைக்கும்.