மரந்துளைக்கும் ஓட்டுயிர்: ஸ்பீரோமாவின் உடலமைப்பும் வகைப்பாடும்

கடல்நீரிலும் உப்பங்கழிகளிலும் நிற்கும் மரம் நெடுநாள் நிலைப்பதில்லை. படகுத்துறைத் தூண்கள், ஊன்றிவலைக் கம்பங்கள், தோணிகளின் அடிப்பலகைகள் ஆகியவை சில ஆண்டுகளிலேயே துளைபட்டு வலுவிழக்கின்றன. இச்சேதத்தைப் பொதுவாகப் ‘புழு அரித்தது’ என்று குறிப்பிடுவது வழக்கம். ஆனால் மரத்தைத் துளைக்கும் கடலுயிர்கள் அனைத்தும் புழுக்கள் அல்ல. அவை ஒரே காரணத்துக்காக மரத்தைத் துளைப்பனவும் அல்ல. துளைத்த உயிர் இன்னதென்று அறியாமல் காப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால், செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகக்கூடும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது ஸ்பீரோமா டெரிப்ரன்ஸ் என்னும் சிறிய ஓட்டுயிர் ஆகும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரம் நெடுங்காலமாகக் கடற்கரைத் துறைகளுக்குச் சென்றுவந்துள்ளது. ஆகவே, மரத்தின் ஆயுளைப் பற்றிய ஆராய்ச்சி உள்நாட்டிலும் வேரூன்றியது. மைசூர் அரசு 1938இல் பெங்களூரில் வன ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவியது. அதுவே 1988இல் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ச்சியுற்றது. கடல்நீரில் மரம் சிதைவதைப் பற்றிய இந்நிறுவனத்தின் ஆய்வுகள் விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் நடைபெற்றன. இவ்வுயிரைப் பற்றி இந்தியாவில் வெளிவந்த நூல்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, என். கிருஷ்ண பிள்ளை இந்தியாவின் மரந்துளைக்கும் ஓட்டுயிர்களைப் பற்றி எழுதி 1961இல் வெளிவந்தது. மற்றொன்று, பி. ஏ. ஜான் இவ்வோர் இனத்தின் பழக்கங்கள், அமைப்பு, வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றி எழுதி, கேரளப் பல்கலைக்கழகம் 1968இல் வெளியிட்டது.

வாழிடம்

ஸ்பீரோமா டெரிப்ரன்ஸ் வெப்பமண்டலக் கடற்கரைகளில் வாழ்வது. ஓதம் ஏறி இறங்கும் மட்டத்திலேயே இது பெரிதும் காணப்படும். கண்டற்காடுகளில் சுரபுன்னையின் தாங்குவேர்களிலும், காயல்களில் நாட்டிய மரக்கம்பங்களிலும் இதன் வளைகள் நெருக்கமாக அமைந்திருக்கும். உப்பு மிகுந்த நீரிலும், மழைக்காலத்தில் ஏறத்தாழ நன்னீராகிவிடும் கழியிலும் இது உயிர்வாழ வல்லது. நீரின் உப்புத்தன்மை குறையும்போது கப்பற்புழுக்களுள் பல மடிந்துபோகின்றன, ஸ்பீரோமா மடிவதில்லை. எனவே, ஆற்றுமுகத்துக்கு உள்ளே வெகுதூரத்தில் உள்ள தூண்களும் இதனால் பாதிக்கப்படுகின்றன.

புறவமைப்பு

வளர்ந்த உயிர் ஏறத்தாழ 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளமுடையது. முதுகு குவிந்தும், அடிப்புறம் தட்டையாகவும் இருக்கும். தீண்டினால் உடலை மடித்து உருண்டையாகிவிடும். ‘உருண்டை வடிவானது’ என்னும் பொருளுடைய ஸ்பீரோமா என்ற பெயர் இதனாலேயே அமைந்தது. டெரிப்ரன்ஸ் என்பதற்குத் ‘துளைப்பது’ என்று பொருள்.

இறாலுக்கும் நண்டுக்கும் உள்ளது போல் தலையையும் மார்பையும் ஒருங்கே மூடும் ஓடு இதற்கு இல்லை. உடலைத் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். மார்பின் முதற்கணு தலையோடு இணைந்துவிட்டது. எஞ்சிய ஏழு கணுக்களும் தனித்தனியே தெளிவாகத் தெரியும். தலையின் இருபுறமும் காம்பில்லாத கூட்டுக்கண்கள் உள்ளன. இறாலின் கண்களோ காம்பின்மேல் அமைந்தவை. உணர்கொம்புகள் இரண்டு இணைகள் உண்டு. வாயுறுப்புகளுள் மேல்தாடைகள் உறுதியானவை. மரத்தைக் கொறித்துத் துளையிடுபவை இவையே.

மார்பின் ஏழு கணுக்களும் ஒவ்வோர் இணைக் கால்களைத் தாங்குகின்றன. ஏழு இணைகளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் இவ்வரிசைக்கு ஐசோப்போடா, அதாவது ‘ஒத்த கால்களுடையவை’ என்னும் பெயர் வந்தது. எனினும் கூர்ந்து நோக்கினால், முன்னுள்ள மூன்று இணைகளில் இறகு போன்ற நீண்ட மயிர்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். இவை நீரிலுள்ள நுண்பொருள்களை வடிகட்டும் சல்லடையாகப் பயன்படுகின்றன. பின்னுள்ள கால்கள் வளையின் சுவரைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. ஸ்பீரோமாவின் வாழ்க்கை முறையை அறிய, இந்த மயிர்ச் சல்லடை முதன்மையான சான்றாகும்.

வயிற்றுக் கணுக்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்து, இறுதியில் அகன்ற வாற்கேடயமாக முடிகின்றன. அக்கேடயத்தின் மேற்புறத்தில் சிறு முண்டுகள் உள்ளன. இருபக்கங்களிலும் வாற்கால்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு வாற்காலின் உட்கிளையும் அசையாதது; வெளிக்கிளை அசையக்கூடியது. வெளிக்கிளையின் புறவிளிம்பில் ரம்பத்தின் பற்கள் போன்ற கூரிய பற்கள் உண்டு. கேடயத்தின் வடிவம், முண்டுகளின் அமைப்பு, இப்பற்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே இவ்வினத்தை அதன் நெருங்கிய உறவினங்களிலிருந்து பிரித்தறிகின்றனர்.

வயிற்றின் அடியில் ஐந்து இணை வயிற்றுக் கால்கள் இலைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. முன்னுள்ளவை நீந்தவும் நீரோட்டத்தை உண்டாக்கவும் பயன்படுவன. நான்காம், ஐந்தாம் இணைகளின் உட்கிளைகள் தடித்து, குறுக்கு மடிப்புகளுடன் செவுள்களாக இயங்குகின்றன.

அகவமைப்பும் வளர்ச்சியும்

செவுள்கள் வயிற்றில் இருப்பதால் இதயமும் உடலின் பின்பகுதியிலேயே அமைந்துள்ளது. இறாலின் இதயம் மார்பில் உள்ளது. மூச்சுறுப்பு இருக்கும் இடத்துக்கேற்ப இதயத்தின் இடமும் மாறுவதை வகுப்பில் விளக்க இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஐசோப்போடுகள் சட்டை உரிக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. இறால் தன் மேலுறையை ஒரே தடவையில் கழற்றிவிடும். ஐசோப்போடுகளோ முதலில் உடலின் பின்பாதியையும், சில காலம் கழித்து முன்பாதியையும் உரிக்கின்றன. எனவே, முழு உடலும் ஒரே நேரத்தில் மென்மையுற்று வலுவற்றுப்போவதில்லை.

பெண்ணுயிர் முட்டைகளை நீரில் விடுவதில்லை. மார்பின் அடியிலுள்ள அடைகாப்பிடத்தில் அவை வளர்கின்றன. வெளிவரும் குஞ்சு தாயின் வடிவத்தையே ஒத்திருக்கும். கடைசி இணை மார்புக்கால் மட்டும் பின்னரே தோன்றும். குஞ்சுகள் சில காலம் தாயின் வளையிலேயே தங்குகின்றன. தாய் தன் வாற்கேடயத்தால் வளையின் வாயை அடைத்துக் காவலாக நிற்கிறது. பின்பு குஞ்சுகள் அருகிலேயே தமக்கென வளை தோண்டுகின்றன. ஒரு கம்பத்தில் இவ்வுயிர் குடியேறியபின் துளைகள் விரைந்து பெருகுவதற்கு இதுவே காரணம்.

கடலில் மிதந்து பரவும் இளவுயிர்ப் பருவம் இதற்கு இல்லை. மிதக்கும் மரத்துண்டுகளிலும் கப்பல்களின் அடிமரத்திலும் தங்கியே இது புதிய கரைகளை அடைகிறது. வெவ்வேறு கடற்கரைகளில் வாழும் கூட்டங்கள் மரபணு அமைப்பில் தெளிவாக வேறுபடுகின்றன என்று இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

வகைப்பாடு

இவ்வினத்துக்கு 1866இல் பெயரிட்டவர் ஆங்கிலேய விலங்கியலாளர் ஸ்பென்ஸ் பேட். இவர் தொழிலால் பல் மருத்துவர். வகைப்பாட்டில் இதன் இடம் பின்வருமாறு:

தொகுதி – கணுக்காலிகள்
பிரிவு – ஓட்டுயிர்கள்
வரிசை – ஐசோப்போடா
துணைவரிசை – ஸ்பீரோமட்டிடியா
குடும்பம் – ஸ்பீரோமட்டிடே
பேரினம் – ஸ்பீரோமா
சிற்றினம் – டெரிப்ரன்ஸ்

ஐசோப்போடா வரிசையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. ஆழ்கடல், கடற்கரை, நன்னீர், நிலம் ஆகிய எல்லா இடங்களிலும் இவ்வரிசையினர் வாழ்கின்றனர். 1905இல் ஹான்சன் என்னும் டென்மார்க் அறிஞர், ஸ்பீரோமட்டிடே குடும்பத்தைச் செவுள் மடிப்புகளின் அடிப்படையில் மூன்று கூட்டங்களாகப் பிரித்தார். நான்காம், ஐந்தாம் வயிற்றுக் கால்களின் உட்கிளையில் மட்டும் மடிப்புடைய கூட்டத்தில் ஸ்பீரோமா சேர்ந்தது.

மரத்தைத் துளைக்கும் மற்றோர் ஐசோப்போடு லிம்னோரியா. இது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மிகச் சிறிய உயிர். முற்கால நூல்களில் லிம்னோரியாவும் ஸ்பீரோமாவும் பிளாபெல்லிபெரா என்னும் ஒரே துணைவரிசையில் வைக்கப்பட்டிருந்தன. பின்னர் அத்துணைவரிசை பிரிக்கப்பட்டது. இப்போது லிம்னோரியா வேறொரு துணைவரிசையில் உள்ளது. இரண்டும் மரத்தில் வாழ்ந்தாலும், அப்பழக்கம் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததன்று.

உணவா, உறைவிடமா?

லிம்னோரியாவுக்கு மரமே உணவு. நுண்ணுயிர்களின் துணையின்றித் தானே செல்லுலோசைச் செரிக்கும் நொதிகளை அது சுரக்கிறது என்று 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கப்பற்புழுவோ சிப்பியினத்தைச் சேர்ந்த மெல்லுடலி. அதுவும் தன் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் மரத்தைச் செரிக்கிறது.

ஸ்பீரோமாவுக்கு மரம் முதன்மையாக உறைவிடமே. அது வளைக்குள் தங்கி, வயிற்றுக் கால்களை அசைத்து நீரோட்டத்தை உண்டாக்கி, முன்கால்களின் மயிர்ச் சல்லடையால் நுண்ணுணவைத் திரட்டுகிறது. கொறித்த மரத்துகள் நீரோட்டத்தோடு வெளியேறுகிறது. செல்லுலோசை ஓரளவு செரிக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. எனினும் வடிகட்டி உண்பதே இதன் முதன்மையான முறையாகும். இப்பேரினத்தைச் சேர்ந்த உயிர்கள் மிதவைகளிலுள்ள பாலிஸ்டைரீன் நுரையையும் துளைத்து, ஆயிரக்கணக்கான நுண்துகள்களை நீரில் விடுகின்றன என்பது 2012இல் வெளியிடப்பட்டது. உணவாகப் பயன்படாத பொருளையும் துளைப்பதால், இவ்வுயிரின் நோக்கம் உறைவிடமே என்பது மேலும் தெளிவாகிறது.

இவ்வேறுபாட்டைப் பொறுத்தே காப்பு முறையும் அமைய வேண்டும். 1933இல் இந்திய அறிவியலாளர் சொந்தி காமேசன், தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புகள் சேர்ந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். அது உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்தது. மரத்தை உண்ணும் உயிர்களின் குடலை இம்மருந்து சென்றடைகிறது. கொறித்ததைத் துப்பிவிடும் ஸ்பீரோமாவிடம் அதன் ஆற்றல் குறைவு. மருந்தூட்டிய தூண்களையும் இது துளைத்துள்ளது. கிரியோசோட்டு எண்ணெயைத் தாங்கும் லிம்னோரியா இனமும் ஒன்று உண்டு. ஆகவே, எல்லாத் துளைப்பான்களுக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை.

ஸ்பீரோமா மிகுந்த இடங்களில் தடுப்புறையே நம்பத்தக்கது. ஓதமட்டத்தில் தூணைச் சுற்றிக் கான்கிரீட்டு உறை அமைத்தல், தகடு அல்லது கண்ணாடியிழைப் போர்வை போர்த்துதல் ஆகியவை கையாளப்படுகின்றன. தோணிகளை அடிக்கடி கரையேற்றி உலர்த்துவதும் பயன்தரும்.

களத்தில் அடையாளம் காணல்

களப்பணியாளர் பின்வரும் குறிகளைக் கொண்டு மூன்றையும் பிரித்தறியலாம்.

(1) கப்பற்புழு: மரத்தின் மேற்பரப்பில் குண்டூசித் தலை அளவான துளைகளே தெரியும். மரத்தைப் பிளந்தால் உள்ளே நீண்ட சுரங்கங்களும், அவற்றின் சுவரில் வெண்மையான சுண்ணாம்புப் பூச்சும் காணப்படும்.

(2) லிம்னோரியா: மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சுரங்கங்கள் பல ஓடும். அவற்றின் கூரையில் சிறு காற்றுத் துளைகள் வரிசையாக இருக்கும். மரம் பஞ்சுபோலாகி உதிரும்.

(3) ஸ்பீரோமா: பென்சில் நுழையும் அளவான வட்டத்துளைகள், மேற்பரப்புக்கு ஏறத்தாழச் செங்குத்தாக உட்செல்லும். ஆழம் சில சென்டிமீட்டரே. சுண்ணாம்புப் பூச்சு இராது. ஓதமட்டத்தில் தூண் இடை சிறுத்து உடுக்கை வடிவம் பெறும்.

கண்டற்காட்டில் இத்துளைகளைக் கண்டவுடன் காடு அழிகிறதென்று முடிவு செய்தலும் தகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் இவ்வுயிர் கண்டல்களுக்குப் பேரச்சம் விளைவிப்பதாக 1973இல் ஓர் ஆய்வு கூறியது. துளைபட்ட வேர் பல கிளைகளாகப் பிரிவதால் மரத்துக்கு நன்மையும் விளையலாம் என்று 1978இல் மற்றோர் ஆய்வு வாதிட்டது. எத்தனை வேர்கள் துளைபட்டன, அவற்றுள் எத்தனை மீண்டும் கிளைத்தன என்று எண்ணிக் குறித்தபின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

கடலுக்கு வெகுதொலைவிலுள்ள பள்ளிகளிலும் இப்பாடத்தை நேரில் காட்டி நடத்த இயலும். தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963 முதல் இயங்கிவரும் மைசூர் நகரம், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. எனினும் அங்கும், ஈரமான பூந்தொட்டியையோ கல்லையோ புரட்டினால் மரப்பேன் எனப்படும் சாம்பல்நிறச் சிற்றுயிர் அகப்படும். அதுவும் ஓர் ஐசோப்போடே. மாணவர் அதைக் கண்ணாடித் தட்டில் வைத்து, உருப்பெருக்கியால் ஏழு மார்புக் கணுக்களையும், ஏழு இணைக் கால்களையும், வயிற்றின் அடியிலுள்ள தகடுகளையும் எண்ணலாம். சில இனங்கள் ஸ்பீரோமாவைப் போலவே உருண்டையாவதையும் காணலாம். சட்டை உரிக்கும் தறுவாயிலுள்ள உயிர் கிடைத்தால், உடலின் ஒருபாதி வெளிறியும் மறுபாதி கருத்தும் இருப்பது விளங்கும்.

கடற்கரைப் பள்ளிகளில் பழைய கம்பத்தின் துண்டு ஒன்றைச் சேகரித்து, துளையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, சுண்ணாம்புப் பூச்சு உண்டா இல்லையா என்று குறிக்கச் செய்யலாம். களப்பணியாளரும் சேதத்தைப் பற்றி அறிக்கை எழுதும்போது, இம்மூன்று விவரங்களோடு நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். ‘புழு அரித்தது’ என்னும் சொற்களைக் கொண்டு எந்தக் காப்பு முறையையும் தேர்ந்தெடுக்க இயலாது. துளைத்த உயிரின் பெயர் அறிக்கையில் இருந்தால், தூணுக்கு மருந்தூட்டுவதா உறையிடுவதா என்பதை அன்றே முடிவு செய்யலாம்.